வைத்தியசாலைக் கூரையில் காத்திருக்கும் வியாபாரம்
நயினாதீவை முன்வைத்து அரச கட்டடங்களுக்கான சூரிய மின்சாரம் பற்றிய ஒரு பாடம்

2021ஆம் ஆண்டு ஜனவரியில் அன்றைய அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, பெட்டரி, டீசல் நான்கையும் இணைத்த மின் தொகுதிகளை அமைக்கும் வேலையை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியின் கீழ் நடந்த கேள்விமனுவில் தெரிவான சீனக் கூட்டுக் கம்பனிக்குக் கொடுப்பது என்பதே அம்முடிவு. தமிழகக் கரைக்கு இவ்வளவு அருகில் சீனக் கம்பனியா என்று இந்தியா ஆட்சேபித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 1ஆம் திகதி, 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையின் கீழ் பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மூன்று தீவுகளுக்குமாக 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், 2,400 கிலோவாட் மணி பெட்டரி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது ஒப்பந்தத்தின் அளவு.

இந்தக் கதையை வியாபாரப் பக்கத்தில் ஏன் சொல்கிறோம்? ஒரு சிறிய தீவின் மின்சாரத்துக்காக இரண்டு வல்லரசுகள் இழுபறிப்பட்டன. அமைச்சரவை முடிவிலிருந்து கைச்சாத்து வரை மூன்று ஆண்டுகள் கடந்தன. அந்த மூன்று ஆண்டுகளிலும் தீவின் வைத்தியசாலையில் தடுப்பூசி மருந்து குளிரூட்டிக்குள் இருந்தது. பிரசவ வலி இரவில் வந்தது. பாடசாலையில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பெரிய திட்டத்துக்கு ஆள் உண்டு, நிதி உண்டு, தூதரகம் உண்டு. ஒரு வைத்தியசாலைக் கூரையில் ஐந்து கிலோவாட் தகடும் ஒரு பெட்டரியும் பொருத்தும் சின்ன வேலைக்குச் சண்டை பிடிக்க எவரும் வருவதில்லை. அந்தச் சின்ன வேலைதான் எமது வாசகர்களான சிறு வர்த்தகர்களின் அளவுக்குப் பொருந்தும் வேலை.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பின்னர் மீளத் திரும்பி, இரும்புக் கடையும் மின்சாதனக் கடையும் மீண்டும் திறந்திருக்கும் யாழ்ப்பாணத்துச் சகோதரர்களுக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும். புத்தளம், மன்னார், கல்பிட்டி, கிண்ணியா வாசகர்களும் தமது கரையோரத்துக்கு ஏற்றவாறு மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

தீவில் மின்சாரம் எப்படி வருகிறது?

நயினாதீவுக்குத் தேசிய மின்வலையமைப்பிலிருந்து கம்பி வரவில்லை. மின்சார சபையின் டீசல் ஜெனரேட்டர்களே தீவுக்கு ஒளி தந்து வந்திருக்கின்றன. டீசல் குறிகட்டுவான் பக்கமிருந்து கடல் வழியாகப் போக வேண்டும். பாவனையாளரிடம் அறவிடுவதோ கொழும்பில் உள்ளவரிடம் அறவிடும் அதே கட்டணம். ஆகவே ஒவ்வொரு அலகிலும் சபைக்கு நட்டம். (2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது, சனங்களின் வாயில் அது இன்னும் மின்சார சபைதான். நாமும் அப்படியே எழுதுகிறோம்.)

பக்கத்துத் தீவான எழுவைதீவில் காற்று, சூரியன், லித்தியம் பெட்டரி, டீசல் சேர்ந்த சிறு மின்வலை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் முன்னரே அமைக்கப்பட்டது. மூன்று தீவுத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி. அப்படியானால், தீவு முழுவதற்கும் பெட்டரி வரும்போது கட்டடத்துக்குத் தனியாக எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்வலை எவ்வளவு நல்லதாயினும் மழைக்காற்றில் தென்னோலை விழுந்து கம்பி அறுந்தால் வைத்தியசாலை இருளில்தான் இருக்கும். பிழை திருத்தும் ஆள் மறுகரையிலிருந்து வர வேண்டியிருந்தால், கடல் கொந்தளிக்கும் நாளில் படகும் ஓடாது. பெருநிலத்தில் மூன்று மணித்தியாலத்தில் தீரும் சங்கதி தீவில் மூன்று நாள் இழுபடலாம். கட்டடத்துக்குள் இருக்கும் பெட்டரி அந்த மூன்று நாளுக்கானது.

அரச நிறுவனங்கள் இதற்கு வழமையாகச் செய்வது ஒன்றுதான்: ஒரு ஜெனரேட்டர் வாங்கி மூலையில் வைப்பது. இதன் கணக்கை வர்த்தகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நல்ல பாரத்தில் ஓடும் சிறு ஜெனரேட்டர் ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ மூன்று அலகு தரும். ஆனால் இரவில் நாலு விளக்கும் ஒரு குளிரூட்டியும் மாத்திரம் ஓட்ட 20 கேவீஏ ஜெனரேட்டரை இயக்கினால், பாரம் கால்வாசிக்கும் குறைவாக இருந்தாலும் அது மணிக்கு இரண்டு லீற்றர் அளவில் குடித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணித்தியால இரவுக்கு 24 லீற்றர். அந்த இரவில் உண்மையில் பாவிக்கப்பட்டது ஏழெட்டு அலகாக இருக்கலாம். கீழே வரும் கணக்கைப் பாருங்கள், விளங்கும். குறைந்த பாரத்தில் தொடர்ந்து ஓடும் டீசல் இயந்திரத்தில் கரி படிந்து ஆயுளும் குறையும்.

தகடு இருந்தும் இருட்டு

வாடிக்கையாளரிடம் எவரும் சொல்லாத ஒரு விடயம் இருக்கிறது. வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்படும் சாதாரண கூரைச் சூரியத் தொகுதி, மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நடுப்பகல் வெயில் கொளுத்தினாலும் ஒரு விளக்குக் கூட எரியாது. இது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பியில் வேலை செய்யும் ஊழியரை எங்கோ ஒரு கூரையிலிருந்து வரும் மின்சாரம் தாக்கக் கூடாது என்பதற்காக இன்வேர்ட்டர் அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது.

2010இல் அறிமுகமான நெட் மீட்டரிங் முறையும், 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்ராமய’ திட்டமும் நாடெங்கும் கூரைகளில் தகடுகளைப் பரப்பின. அவை மின்கட்டணத்தைக் குறைப்பதற்கான தொகுதிகள். மின்சாரம் நின்றால் கைகொடுப்பதற்கானவை அல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு விற்பவர்களும் இருக்கிறார்கள், வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வைத்தியசாலைக்குத் தேவை ‘ஹைபிரிட்’ இன்வேர்ட்டரும் பெட்டரியும். அத்துடன் அத்தியாவசிய மின்சுற்றுகளை மாத்திரம் தனியாகப் பிரித்த ஒரு சிறு பலகையும் வேண்டும். அந்தப் பலகை இல்லாவிட்டால், பெட்டரி வைத்தியருடைய அறைக் குளிர்சாதனத்துக்குப் போய் நள்ளிரவுக்கு முன் தீர்ந்துவிடும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதைக் கவனிப்பது நல்லது. இந்தியாவின் 17 மில்லியன் டொலர் உதவியுடன் நாட்டின் 25 மாவட்டங்களிலும் 5,000 மதத்தலங்களுக்கு 25 மெகாவாட் சூரியத் தொகுதிகள் வழங்கும் திட்டம் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி ஆரம்பித்து வைக்கப்பட்டது. கணக்குப் பார்த்தால் ஒரு தலத்துக்குச் சராசரி 5 கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு 680 டொலர். கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே தீவில் இருக்கும் நயினாதீவு போன்ற இடங்களுக்கு இத்தகைய உதவிகளின் அருமை தெரியும். ஆனால் மின்சாரம் நின்ற நேரத்தில் மஃரிப் தொழுகைக்கு விளக்கு எரிய வேண்டுமானால் பெட்டரி பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

மின்சார சபையும் பெட்டரியை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. விடுமுறை நாளில் தேவை குறைந்தும் சூரிய உற்பத்தி கூடியும் இருந்தமை வலையமைப்பைத் தளம்பலுக்கு ஆளாக்கியதாகச் சபை கூறியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்களிடம் வேண்டிக்கொண்டது. பெருநிலத்தின் நிலையே இதுவென்றால், டீசலில் ஓடும் ஒரு தீவில் நாலு கட்டடம் தமது விருப்பப்படி மின்சாரத்தை வெளியே தள்ளினால் ஜெனரேட்டரின் பாரம் அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். ஆகவே தீவில் கட்டடத் தொகுதியை வெளியே விற்காத முறையில், தானே சேமித்துத் தானே பாவிக்கும் முறையில் திட்டமிட வேண்டும். எதைப் பொருத்துவதற்கும் முன் சபையின் பிரதேச அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

ஒரு பக்கக் கணக்கு

ஒரு சிறிய வைத்தியசாலையை உதாரணத்துக்கு எடுப்போம். இது விளக்கத்துக்கான கணக்கு. உண்மையான கட்டடத்தில் ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்தில் உள்ள வாட் அளவை நீங்களே பார்த்து எழுத வேண்டும்.

தடுப்பூசிக் குளிரூட்டி இரண்டு, நாளொன்றுக்கு 2.5 அலகு. பத்து வாட் விளக்கு இருபது, பத்து மணித்தியாலம், 2 அலகு. அறுபது வாட் மின்விசிறி எட்டு, பன்னிரண்டு மணித்தியாலம், 5.8 அலகு. கணினி இரண்டு, 1.2 அலகு. 350 வாட் ஒட்சிசன் செறிவாக்கி ஒன்று எட்டு மணித்தியாலம், 2.8 அலகு. தண்ணீர் மோட்டார் ஒன்றரை மணித்தியாலம், 1.1 அலகு. சளி உறிஞ்சும் கருவி, நெபுலைசர் முதலியன 0.3 அலகு. மொத்தம் ஏறத்தாழ 16 அலகு. இதில் சூரியன் மறைந்த பின் பாவனையாகும் பங்கு 7.5 அலகு அளவில் வரும்.

யாழ்ப்பாணப் பகுதியின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு நான்கு அலகு தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 16ஐ 4ஆல் வகுத்தால் 4 கிலோவாட். பெட்டரியில் போய் வரும் இழப்புக்கும் மாரிகால மப்புக்கும் சேர்த்து 5 கிலோவாட் என்போம். 550 வாட் தகடு ஒன்பது போதும். கூரையில் இருபத்தைந்து சதுர மீற்றர் அளவு இடம் வேண்டும்.

பெட்டரிக்கு வருவோம். லித்தியம் அயன் பொஸ்பேட் வகையில் கொள்ளளவின் 90 வீதம் வரை பாவிக்கலாம். இன்வேர்ட்டர் இழப்பையும் கழித்தால் 7.5 அலகு தர 10 கிலோவாட் மணி பெட்டரி தேவை. ஈயப் பெட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் அதே வேலைக்கு 17 கிலோவாட் மணி தேவை. அதாவது 150 அம்பியர் மணி டியூபியூலர் பெட்டரி ஒன்பது பத்து. ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். அரைத் தொன் பாரத்தைக் குறிகட்டுவான் துறையில் படகில் ஏற்றி, மறுகரையில் இறக்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொரு முறை மீண்டும் அதையே செய்ய வேண்டும். லித்தியம் பெட்டரி நூறு கிலோ அளவு. நன்றாகப் பார்த்தால் பத்து ஆண்டு நிற்கும். கடையில் விலை கேட்கும்போது ஈயம் மலிவாகத் தெரியும். படகுக்கூலியையும் நாட்டாமைக் கூலியையும் பத்து ஆண்டுக்குக் கூட்டினால் அந்த மலிவு எங்கே போகிறதென்று வர்த்தகருக்கு விளங்கும். வாங்கும் அதிகாரிக்கு விளங்கப்படுத்த வேண்டியவர் நீங்கள்.

மழை மாதங்களில் இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் 10 கிலோவாட் மணி போதாது. அப்போது பெட்டரியை இரட்டிப்பதா, இருக்கும் ஜெனரேட்டரைப் பகலில் இரண்டு மணித்தியாலம் முழுப் பாரத்தில் ஓட்டிப் பெட்டரியை நிரப்புவதா? இரண்டாவதே சிக்கனம். ஆகவே பழைய ஜெனரேட்டரை விற்றுவிடும்படி ஆலோசனை சொல்லாதீர்கள். கருவிகளைக் கிருமி நீக்கும் அடுப்பு, சுடுநீர் இயந்திரம் போன்ற பெருந்தீனிகளை நடுப்பகலில் மாத்திரம் பாவிக்கும்படி தாதியரிடம் பேசி ஒழுங்கு செய்தால் தொகுதியின் விலையே குறையும். இந்த ஒரு பக்கக் கணக்குத்தான் வியாபாரத்தின் நுழைவாயில். பெரும்பாலான அலுவலகங்களில் சூரியத் தொகுதி வாங்காமைக்குக் காரணம் பணமின்மை மட்டுமல்ல. எவ்வளவு வேண்டும் என்று எழுதித்தர ஆளில்லை.

உப்புக்காற்று

கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருக்கும் கூரையில் சாதாரண இரும்புச் சட்டம் வைத்தால் சில ஆண்டுகளில் துரு தின்றுவிடும். அலுமினியச் சட்டம், 316 தர துருவேறா உருக்கு ஆணி, உப்புப் புகார் சோதனையில் தேறியதாக ஐஈசி 61701 சான்றுள்ள தகடு என்பவற்றை விலைக்கோரலிலேயே எழுத வேண்டும். அலுமினியமும் சாதாரண இரும்பும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவாகும். இரும்புக் கடைக்காரர்களுக்கு நாம் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்வேர்ட்டரும் பெட்டரியும் வடக்குப் பார்த்த, காற்றோட்டமுள்ள, வெள்ளம் எட்டாத உயரமுள்ள அறையில் இருக்க வேண்டும். ஓட்டுக் கூரையானால் மரம் பாரத்தைத் தாங்குமா என்று தச்சரைக் கூட்டிச் சென்று பாருங்கள். ஒரு தகடு 28 கிலோ அளவில் இருக்கும். காற்று தூக்கும் விசை அதைவிடப் பெரிது.

சத்தீஸ்கர் சொல்லும் செய்தி

இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலம் காடும் மலையும் நிறைந்தது. அங்குள்ள அரச நிறுவனமான கிரெடா, 2012 முதல் 2016 வரையான காலத்தில் 570 ஆரம்ப சுகாதார நிலையங்களில் தலா 2 கிலோவாட் சூரியத் தொகுதியைப் பெட்டரியுடன் பொருத்தியது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சூரியத் தொகுதியுள்ள நிலையங்களில் மாதாந்தப் பிரசவங்கள் அத்தொகுதி இல்லாதவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள். வெளிநோயாளர் வருகையும் பாதிக்கு மேல் கூடுதலாக இருந்தது. இரண்டு கிலோவாட் என்பது எமது ஊரில் ஒரு நடுத்தரக் கடையின் கூரைக்கு வைப்பது. இரவில் வெளிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கை தாய்மாரை அங்கே வரவைத்தது.

சத்தீஸ்கரில் எம்மைக் கவர்வது தகடு அல்ல, பராமரிப்பு. உள்ளூரில் துடைப்பதற்கும் பெட்டரிக்குத் தண்ணீர் விடுவதற்கும் ஓராள். சில நிலையங்களுக்குப் பொறுப்பாக ஒரு தொழில்நுட்பவியலாளர். மேலே கண்காணிப்பு என்று அடுக்கு முறை வைத்தார்கள். உலகின் வறிய நாடுகள் பலவற்றில் சுகாதார நிலையங்களுக்குக் கொடுக்கப்பட்ட சூரியத் தொகுதிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் செயலிழந்ததற்கு, பெட்டரி மாற்றப் பணம் ஒதுக்காமையும் பார்க்க ஆளில்லாமையுமே முதற்காரணங்கள். திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஆள் வருவார்கள். நாலாம் ஆண்டு பெட்டரி மாற்ற எவர் வருவார்?

மத்தியப் பிரதேச மாநிலம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 2018இல் அம்மாநிலம் நூற்றுக்கணக்கான அரச கட்டடங்களை ஒன்றாகக் கட்டி ஒரே கேள்விமனுவாக விட்டது. கம்பனியே தன் பணத்தில் தொகுதியை அமைத்துப் பராமரிக்கும். நிறுவனம் பாவித்த அலகுக்கு மாத்திரம் பணம் கொடுக்கும். ஒவ்வொரு கட்டடத்தின் கூரை அளவு, படம், மின்பட்டியல் எல்லாவற்றையும் முன்கூட்டியே திரட்டிக் கேள்விதாரர்கள் பார்க்க வைத்தார்கள். தெரியாத செலவு குறைந்ததால் கேட்கும் விலையும் குறைந்தது. மானியமும் சேர்ந்து அலகு விலை 1.38 இந்திய ரூபா வரை இறங்கியது. தீவுப் பகுதியில் நயினாதீவு, வேலணை, புங்குடுதீவு மூன்றும் வேலணைப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகின்றன. வைத்தியசாலை, பாடசாலை, பிரதேச சபை உப அலுவலகம், கிராம அலுவலர் அலுவலகம் எல்லாவற்றையும் தனித்தனியே விலை கேட்பதற்குப் பதிலாக ஒரே தொகுதியாகத் திரட்டினால் ஒரே படகுப் பயணம், ஒரே தொழில்நுட்பவியலாளர், ஒரே உதிரிப்பாகக் களஞ்சியம். இந்த யோசனையைச் செயலகத்தில் முன்வைப்பதற்கு எந்தச் சட்டமும் வர்த்தகருக்குத் தடையில்லை. ஆனால் ஒன்று: கேள்விமனு நிபந்தனையை எழுத உதவியவர் அதே கேள்விமனுவில் போட்டியிடுவது முறையல்ல. பொதுத் தகவலைக் கொடுங்கள். உமது இன்வேர்ட்டரின் மொடல் இலக்கத்தை நிபந்தனைக்குள் நுழைக்காதீர்கள்.

பணம் எங்கே சிக்குகிறது?

அரசுக்கு விற்பதில் இலாபம் சிறிது, ஆபத்து பெரிது என்று அஞ்சுபவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். 2022 மார்ச் 7இல் ரூபா மிதக்க விடப்பட்ட பின், 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐ எட்டியது. ரூபாவில் விலை கொடுத்துவிட்டு வெளிநாட்டிலிருந்து சாமான் இறக்கக் காத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆகவே விலை செல்லுபடியாகும் காலத்தைக் குறுக்கி எழுதுங்கள். நாணய மாற்றம் இத்தனை வீதத்தை மீறினால் விலை திருத்தப்படும் என்ற நிபந்தனைக்கு இடமுண்டா என்று கேள்விமனு விளக்கக் கூட்டத்திலேயே கேளுங்கள். கையில் சாமான் இருந்தால் மாத்திரம் சிறு விலைக்கோரல்களுக்குப் போவது இன்னும் பத்திரம்.

ஐந்து மில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தங்களுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய 2006 வழிகாட்டலை மனனம் செய்து வைத்திருப்பவர்கள் புதியதை வாசிக்க வேண்டும். 2007இல் அமைக்கப்பட்ட இலங்கை நிலைபேறான சக்தி அதிகாரசபையில் சூரியத் தொகுதி அமைப்பவராகப் பதிந்துகொள்வதும் பயன் தரும். பதிவுக்குத் தகுதியில்லாத சிறு கடைக்காரர், பதிவுள்ள கம்பனியுடன் உபஒப்பந்தக்காரராகச் சேர்ந்து பராமரிப்பைப் பொறுப்பேற்கலாம். எமது கணிப்பில், தீவைப் பொறுத்தவரை இதுவே மேலான வழி. கொழும்புக் கம்பனிக்கு நயினாதீவில் ஆள் வைக்க முடியாது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரரால் முடியும். தகடு ஒருமுறை விற்பது, பராமரிப்பு பத்து ஆண்டு வருமானம்.

ஷரீஆ கண்ணோட்டத்தில் சில குறிப்புகள். தவணைக்கு விற்கும்போது ரொக்க விலையைவிடக் கூடிய விலை குறிப்பதைப் பெரும்பான்மை உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் விலை ஒப்பந்தத்தின்போதே ஒன்றாக நிச்சயமாகிவிட வேண்டும், தாமதமானால் கூட்டக் கூடாது. அரசாங்கம் ஆறு மாதம் பிந்திப் பணம் தரும் என்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தை முதலிலேயே விலைக்குள் வையுங்கள். பின்னர் வட்டி கேட்காதீர்கள். தொகுதியை உமது உடைமையாக வைத்து மாத வாடகைக்குக் கொடுப்பது இஜாரா. அப்போது உடைமையாளரின் பொறுப்புகளும் உமதே, இயல்பாகப் பழுதான பெட்டரியின் செலவை வாடகைக்காரரின் தலையில் போட முடியாது. முதலுக்கு வட்டிக்கடன் நாடாமல் முராபஹா, முஷாரகா வழியாகப் பெறுவதற்கு, 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின் இஸ்லாமிய வங்கிச் சேவைகள் இங்கு உண்டு. 2011இல் தொழிற்படத் தொடங்கிய அமானா வங்கி முழுமையாக இம்முறையில் இயங்குகிறது. ‘எல்லாப் பழுதும் எக்காலமும் இலவசமாகத் திருத்தப்படும்’ என்ற பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஙரர் எனும் அறியாமை கலந்திருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை வருகை, எந்தெந்தப் பாகம், எத்தனை நாளுக்குள் என்று எண்ணி எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றிய ஸூரா பகராவின் 282ஆம் வசனமே அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதை எமது வாசகர்கள் அறிவார்கள். வரைவை ஓர் ஆலிமிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ‘சந்தோஷம்’ என்று பெயர் மாற்றினாலும் லஞ்சம் லஞ்சம்தான். கொடுப்பவருக்கும் அது ஹராம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் குற்றமும் கூட. வைத்தியசாலைக்குப் போகும் பெட்டரியில் தரத்தைக் குறைத்து அந்தப் பணத்தைச் சரிக்கட்டினால், அதன் விலையை எவர் செலுத்துவார் என்பதையும் நினைக்க வேண்டும்.

எப்போது போவது?

அரசாங்கத்தின் கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கேள்விமனு ஆண்டின் நடுவில் வெளியாகி, தெரிவு முடிந்து, வேலை உத்தரவு கையில் கிடைக்கும்போது பெரும்பாலும் ஒக்டோபர் ஆகிவிடும். ஆண்டு முடிவதற்குள் வேலையை முடித்துப் பட்டியல் போட வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். நவம்பர், டிசம்பர் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். குறிகட்டுவானில் படகு நிறுத்தப்படும் நாட்கள் அப்போதுதான் வரும். கண்ணாடித் தகட்டை அந்தக் கடலில் ஏற்றுவது அறிவுடைமையல்ல. சாமானைச் செப்டெம்பருக்குள் தீவில் இறக்கி வைக்கும் விதமாக விநியோக நாளை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறுங்கள். நாகபூசணி அம்மன் கோயில் உற்சவம் நடக்கும் ஆனி மாதத்தில் படகெல்லாம் யாத்திரிகரால் நிறைந்திருக்கும் என்பதால் அந்த நாட்களையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான செலவு மதிப்பீடுகளை நிறுவனங்கள் இவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே மேலே அனுப்பத் தொடங்கிவிடும். மதிப்பீட்டில் இல்லாத சாமானுக்குப் பின்னர் எவ்வளவு அலைந்தாலும் பணம் வராது. ஆகவே ஜூன் மாதத்துக்கு முன் ஒருநாள் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியிடமும் பாடசாலை அதிபரிடமும் நேரம் கேட்டுக்கொண்டு, வாட்மானி ஒன்றையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு காலைப் படகில் போங்கள். மின்பட்டியலைப் பாருங்கள், ஜெனரேட்டரின் டீசல் புத்தகத்தைப் பாருங்கள், கூரைக்கு ஏறுங்கள். விலை சொல்லாத அந்த ஒரு பக்கக் கணக்கை மேசையில் வைத்துவிட்டு மாலைப் படகில் திரும்பலாம்.